பதினான்காம் தொட்டி

புஸியான் நாற்பது வருடம் வைன் அளந்தவன்.
ஒரு சொட்டு குடித்ததில்லை.

கண்ணாடிக் குழாயில் மிதவையை இறக்கி
அது நிற்கும் கோட்டைப் பார்க்குமுன்
மூக்கைக் கொண்டுபோவான்.
"பதின்மூன்றரை. மேட்டுப் பழம்.
பறித்த அன்று தெற்குக் காற்று."
தெற்கிலிருந்து வருவது
எங்களுக்குத் தென்றல் இல்லை, மணல்.
முதலாளி சேகூரா ஒரு மிடறு உருட்டித் துப்பிவிட்டு
கோட்டைப் பார்ப்பார்.
பதின்மூன்றரை.

கடலுக்கு அக்கரையில் ஒரு பூச்சி
கொடிகளின் வேரைத் தின்றபோதுதான்
இக்கரையில் நடத் தொடங்கினார்களாம்.
பார்லி விளைந்த மேட்டுக்கு
புஸியானின் பாட்டன் கைநாட்டு வைத்த தாளில்
என்ன எழுதியிருந்தது என்பதை
அறுபது வருடம் கழித்து அலுவலக அலமாரியில்
பேரன் எழுத்துக்கூட்டிப் படித்தான்.
படித்துவிட்டு
இருந்த இடத்திலேயே வைத்தான்.
அன்று அறுவடை. வண்டிகள் காத்திருந்தன.

ஓரானில் நிறையும் கப்பல்கள்
சேத் துறைமுகத்தில் காலியாகும்.
அங்கே வெளிறிக் கிடந்த வைனுக்கு
எங்கள் கறுப்பை ஊற்றுவார்கள்.
ரத்தம் ஏற்றுவதுபோல, என்றான் ஒரு மாலுமி.
புட்டியின் மேல் ஒரு கோட்டை, ஒரு அன்னப்பறவை.
அல்ஜீரியா என்று எழுத
இடம் போதவில்லை போலும்.

அறுபத்திரண்டு கோடையில் சேகூரா
பியானோவை ஏற்றிக்கொண்டு போனார்.
சாவிக்கொத்தைப் புஸியான் கையில் திணித்து
"ஏழாம் தொட்டி இன்னும் தேறவில்லை" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

கம்பத்தில் கொடி மாறியது
தோட்டத்துக் கொடிக்குத் தெரியாது.
செப்டம்பரில் வழக்கம்போலப் பழுத்தது.
நாங்கள்தான் இப்போது கமிட்டி.
அக்கரைக்காரன் வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.
ஒடெஸ்ஸா கப்பல் வந்தது.
அதன் இரண்டாம் அதிகாரி
பம்ப் குழாயிலேயே வாய் வைத்துவிட்டு
மேடைமேல் நின்று அழுதான், அழகு என்று.
விலை மட்டும் சீமெண்ணெய் விலை.
"எவ்வளவு தேறும்?" என்று கமிட்டி கேட்டது.
புஸியான் நோட்டைத் திருப்பிக் காட்டினான்.
தேறியது வைன் மட்டும்.

பிறகு தலைநகரிலிருந்து உத்தரவு:
பிடுங்கு. கோதுமை போடு.
சங்கிலி கட்டி டிராக்டர் இழுத்தது.
பாதிக் கொடிகள் வேரை மண்ணிலேயே விட்டுவிட்டு
உடம்பை மட்டும் கொடுத்தன.
கெய்ரா அடிக்கட்டைகளைச் சுமந்துவந்து
அடுப்பில் போட்டாள்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
ரொட்டியில் யாரும் பெயர் சொல்லாத ஒரு வாசனை.
கோதுமை?
முதல் மழையிலேயே விதை சரிந்து
ஓடைக்குப் போயிற்று. வாத்துகள் கொழுத்தன.

வீடில்லாதவர்களுக்குத் தொட்டிகளைப் பகிர்ந்தார்கள்.
குடி போன இடத்தில் குடி வந்தோம்.
புஸியானும் கெய்ராவும் பதினான்கு.
நான் பதினைந்து.
இடையில் ஒரு முழ சிமெண்ட். இருந்தும் கேட்கும்.
கூரையில் வட்டத் திறப்பு,
அதில் ஒரு தட்டளவு வானம்.

கெய்ரா சுண்ணாம்பு அடிப்பாள்.
மூன்றாம் மழையில் ஊதா ஏறிவிடும்,
கடைசி வைன் நின்ற மட்டம் வரை,
அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட இல்லை.
பிறகு அடிப்பதை விட்டாள்.
அந்தக் கோட்டில் ஆணியடித்துக்
காலண்டரை மாட்டினாள்.

இதற்குள் தொழலாமா என்று
புஸியானுக்குச் சந்தேகம். காலையில்
பாயைச் சுருட்டிக்கொண்டு கரோப் மரத்தடிக்குப் போவான்.
அவள் உள்ளேயே தொழுவாள்.
"சுவர் குடித்ததற்கு நான் என்ன செய்ய?"

செப்டம்பர் இரவுகளில்
சிமெண்ட் வியர்க்கும்.
நேற்று நடுச்சாமத்தில் கட்டில் முனகியது.
வெறுங்கால்கள். பிறகு நெடிய மூச்சு ஒன்று
என் பக்கத்துச் சுவர் வரை வந்தது.

"பதினொன்று" என்றான்.
"போன வருடம் பன்னிரண்டு இருந்தது."

"எழுதி வைத்துவிட்டுப் படுங்கள்" என்றாள் கெய்ரா.

தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.
பென்சிலைத் தேடுகிறான்.